இன்னும் சுகமாகாதவர்களின் சாட்சி

நோய் குணமாகவில்லை என்றால் அந்த நோயாளிக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் வழக்கத்தைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் விட்டொழிக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து கிடந்த என் கணவரிடம் அப்படிச் சொன்னார்கள். சொன்னவர் கெட்டவர் அல்ல. இரண்டு பஸ் மாறி வந்து, கட்டிலருகே முழங்கால் போட்டு, வியர்க்க வியர்க்க ஜெபித்தவர். போகும்போது தோளைத் தட்டி, "அண்ணன் இன்னும் கொஞ்சம் விசுவாசிக்கணும்" என்றார். அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்களை என் கணவர் தின்னக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும். அதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அந்தச் சொல்லை யாருக்கும் கொடுக்க முடியவில்லை. "நான் இன்னும் எதை விசுவாசிக்கணும்னு சொல்லுதாரு?" என்று ராத்திரி வெகுநேரம் கழித்து என் கணவர் என்னிடம் கேட்டார். அதிகாலை ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்னமே கோயில் வாசலில் நிற்கிற மனுஷர் அவர்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சாட்சி நேரம் தெரியும். வருஷக் கடைசி இரவு ஆராதனையிலோ ஸ்தோத்திரப் பண்டிகையிலோ ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது, பத்து வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது. அவர்கள் நிற்கத்தான் வேண்டும். நன்றி சொல்லாத சபை செத்த சபை. ஆனால் அதே பெஞ்சில், மகனுக்கு வேலை கிடைக்காதவளும், கட்டி கரையாதவனும், பிள்ளை பிறக்காதவளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஜெபமும் அதே ஆண்டவரிடம்தான் போயிற்று. அவர்கள் எழுந்து நிற்க எங்கள் ஆராதனை முறைமையில் ஒரு நிமிஷம்கூட இல்லை. மூன்றாம் நான்காம் வருஷத்தில், தங்களிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று அவர்களே நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு கோயிலுக்கு வருவது குறைகிறது. "விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்" என்று அதற்கும் ஒரு பேர் வைத்துவிடுகிறோம்.

வேதாகமம் இப்படி நடந்துகொள்வதில்லை. யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பேச ஆரம்பித்ததும், உன்னிடம் பாவம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள் என்றார்கள். புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம், கடவுளுக்காக வாதாடிய அந்தச் சிநேகிதர்கள் மேல் விழுகிறது. கடவுளையே கேள்வி கேட்டுக் கதறிய யோபு சரியாகப் பேசினான் என்று அவரே சொல்கிறார். சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். பெரும்பாலானவை கடைசியில் எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை. இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று எண்ணித்தானே அந்தக் காலத்து ஜனங்கள் தொகுப்பில் சேர்த்தார்கள்? அந்தச் சங்கீதத்தின்மேல் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்ட நினைவில்லை.

சென்னையில் பரங்கிமலையும் சின்னமலையும் ஏறியவர்களுக்குத் தோமாவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சந்தேகத் தோமா என்று ஞாயிறு பள்ளியிலேயே முத்திரை குத்திவிட்டோம். யோவான் 20ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. மற்றச் சீஷர்கள் ஆண்டவரைப் பார்த்துவிட்டார்கள். தோமா பார்க்கவில்லை, நம்பவும் மாட்டேன் என்றான். அதற்குப் பிறகு எட்டு நாள் கழிகிறது. எட்டு நாளுக்குப் பின்பும் அதே வீட்டுக்குள், அவர்கள் நடுவில் தோமா இருக்கிறான். யாரும் அவனை வெளியே தள்ளவில்லை. பார்த்தவர்களுக்கும் பாராதவனுக்கும் ஒரே கூரை, ஒரே பூட்டிய கதவு. அந்த எட்டு நாளும் அவனை அவர்கள் வைத்துக்கொண்டிருந்ததால்தான் இயேசு வந்தபோது அவன் அங்கே இருந்தான். நம் மண்ணில் வந்து உயிரைக் கொடுத்ததாகப் பாரம்பரியம் சொல்கிற அப்போஸ்தலன், அந்த வீட்டார் கைவிடாமல் வைத்திருந்த மனுஷன்.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொருவர் உண்டு. டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் சரியாக எழும்பவில்லை. ஏறக்குறைய இருபது வருஷம் ஒரே அறை. அவருக்காக ஜெபித்தவர்கள் எத்தனை தேசத்தில் இருந்திருப்பார்கள்! அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா? படுத்த படுக்கையில் இருந்தபடி, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுகிற கடிதங்களாக ஒரு புத்தகமே எழுதினார். சுகமானவர்களின் ஆறுதல் எட்டாத இடம் ஒன்று உண்டென்று அறிந்த ஒருத்தியின் எழுத்து அது.

டயாலிசிஸ் அறையில் அந்த இடத்தை நானும் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். தண்ணீர்கூட டம்ளரில் அளந்து குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் இளநீர்க் கடையைத் தாண்டி வருகையில் என் கணவர் முகத்தை நான் பார்க்க மாட்டேன். அடுத்த மெஷினில் மேலப்பாளையத்து பாய் ஒருவர். ஊசி குத்தும்போது என் கணவர் வலக்கையை அவர் பக்கம் நீட்டுவார், பாய் பிடித்துக்கொள்வார். "அக்கா, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அண்ணன நான் பாத்துக்கிடுதேன்" என்பார். எங்கள் சபை உபதேசியார் சனிக்கிழமைதோறும் வந்து நாற்காலியில் உட்காருவார். ஒரு சின்ன ஜெபம், பிறகு கிரிக்கெட் பேச்சு. ஏன் சுகமாகவில்லை என்று அவர் ஒரு நாளும் விளக்கியதில்லை. என் கணவருக்கு விசுவாசம் மிச்சமிருந்தது என்றால் அதில் பாதி அந்த நாற்காலியால்.

என் கணவர் இறந்த பிறகு பல மாதம் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. கோயிலுக்குப் போய்ப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். சுற்றி இருந்தவர்கள் பாடினார்கள். என் பங்கையும் அவர்களே பாடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். உயிர்த்தெழுதலை நான் நம்புகிறேன். என் கணவரைப் பார்ப்பேன் என்று நம்புகிறேன். எல்லா நாளும் ஒரே பலத்தோடு நம்புகிறேன் என்று சொன்னால் அது பொய். பலமில்லாத நாட்களில் பக்கத்தில் நிற்கிறவரின் குரலில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். சபை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். இந்த வருஷக் கடைசி ஆராதனையில் சாட்சி சொல்லும்போது, இன்னும் பதில் கிடைக்காதவர்களும் எழுந்து பேர் சொல்லட்டும். காரணம் சொல்ல வேண்டாம், முடிவு நன்றாக இருக்க வேண்டியதும் இல்லை. சபை அவர்களுக்குப் புத்தி சொல்லாமல், சும்மா எழுந்து கூட நிற்கட்டும். அன்றைக்கு 88ஆம் சங்கீதமும் வாசிக்கப்படட்டும். சந்தோஷமான ராத்திரியில் இது எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். சபைக் குருவான ஐயர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். ஐயர் சம்மதித்தால், முதலில் பேர் கொடுக்க எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.