டோலிக்கு யார் பரிசு கொடுத்தார்கள்?

நீளமான கம்பு ஒன்று, கெட்டியான போர்வை ஒன்று, தோள் கொடுக்க நாலு பேர், தோள் மாற்ற இன்னும் நாலு பேர். போடிநாயக்கனூரைச் சுற்றிய மலையூர்களில் டோலி என்பது இவ்வளவுதான். போர்வையின் இரு தலைப்பையும் கம்பில் முடிந்து, நோயாளியை நடுவே கிடத்தி, ஒற்றையடிப் பாதையில் இறக்கிக்கொண்டு வருவார்கள். இறக்கத்தில் கால் முன்னால், தலை மேட்டுப் பக்கம். பாறை வரும் இடத்தில் ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் அடியை மாற்றுவார்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீ பரவி, மலையேற்றம் போனவர்கள் காய்ந்த புல்சரிவில் மாட்டிக்கொண்டபோது முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். அவர்கள் கையில் இருந்ததும் போர்வையும் கம்பும்தான். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களை அந்தத் தீ கொண்டுபோயிற்று.

இந்த டோலியை வடிவமைத்தது யார்? எந்தப் போட்டியில் அது முதல் பரிசு வாங்கியது?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பிரச்சினையைத் தலைப்பாக அறிவித்து, பரிசுத் தொகையையும் சேர்த்து அறிவித்து, இளைஞர்களை ஓர் அரங்கில் உட்காரவைத்தால் தீர்வு பிறந்துவிடும் என்று அரசு நம்புகிறது, கல்லூரி நம்புகிறது, பெற்றோரும் நம்புகிறார்கள். மத்திய அரசு 2017இலிருந்து ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் நடத்துகிறது. மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நிரல் திருவிழா இருக்கிறது. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிவரை இதே நம்பிக்கைதான் ஓடுகிறது. போட்டியே புதுமையின் தாய் என்பது இன்று ஏறத்தாழ ஒரு மதம். நான் அதில் நாத்திகன்.

பிறவி நாத்திகன் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில், பெயர் வேண்டாம், மூன்று நடுவர்களில் ஒருவனாக நானும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைத்தோட்டத் தொழிலாளர்களுக்கான கருவிகள் என்பது தலைப்பு. அணிக்கு மூன்று நிமிடம். ஏலக்காய் பறிக்கும் கருவிக்கு முதல் பரிசு: நீண்ட கைப்பிடி, முனையில் குட்டிக் கத்தரி, பேட்டரி, காய் வந்து விழ ஒரு பை. குனியாமலே பறிக்கலாம் என்றார்கள். சக்கரம் வைத்த மலை ஸ்ட்ரெச்சருக்கு இரண்டாம் பரிசு. நான் இரண்டுக்குமே மதிப்பெண்ணை அள்ளிப் போட்டேன். பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சாப்பாட்டு வேளையில் அரங்கைக் கூட்ட வந்த ஓர் அம்மா அந்தக் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பத்து வருஷம் காய் எடுக்கப் போனவராம். மாணவர் உற்சாகமாக, “இத அமுக்குனாப் போதும்க்கா, காய் தானா விழுந்துரும்” என்றார்.

“விழுகும் தம்பி. எந்தக் காய் விழுகும்?”

மாணவருக்குக் கேள்வி புரியவில்லை. எனக்கும்தான்.

“ஒரே சரத்துலதான வெளைஞ்சதும் கெடக்கு, பிஞ்சும் கெடக்கு. வெரலு தொட்டாத்தான எது எதுன்னு தெரியும்? இது எங்க தொடுது?”

ஏலச்செடியின் தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். அதில் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. அதனால்தான் பருவத்தில் முப்பது, நாற்பது நாளுக்கு ஒரு சுற்று என்று திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். பிஞ்சைக் கிள்ளிவிட்டால் காய்ந்ததும் சுருங்கிப்போகும். பழுக்கவிட்டால் காயவைக்கும்போது வெடிக்கும். இரண்டுக்கும் ஏலத்தில் விலை அடிபடும். நடுவே இருக்கும் பதத்தை இலைமறைவில், மழையில், அட்டை ஏறும் காலோடு, விரல் நுனி ஒரு நொடியில் தீர்மானிக்கிறது. எங்கள் முதல் பரிசு வெட்டி எறிந்தது அந்த விரல் நுனியைத்தான். மேடையில் அது தெரியவில்லை. மேடையில் இருந்தது பிளாஸ்டிக் செடி.

அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “போற ஜீப்புல காலை நீட்ட எடமிருந்தாப் போதும்யா.”

போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டி இடுக்கித் தோட்டங்கள். ஒருவர் மடியில் ஒருவராகப் போய், பகலெல்லாம் குனிந்துவிட்டு, அதே ஜீப்பில் அதே வளைவுகளில் திரும்ப வேண்டும். குனிவதைக் குறைக்க ஒரு கருவி என்பது போட்டிக்குத் தோதான தலைப்பு. இன்னொரு ஜீப் விடுங்கள் என்பது தலைப்பே ஆகாது. அதில் வடிவமைக்க எதுவும் இல்லை, செலவு மட்டுமே இருக்கிறது.

சக்கர ஸ்ட்ரெச்சரும் இதே கதைதான். டோலிப் பாதையில் சக்கரம் உருளாது என்பது சின்ன விஷயம். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம்வரை சாலை இல்லாததால்தான் டோலி இருக்கிறது. “சாலை போடுங்கள்” என்று ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைத்தால் எந்த நடுவர் மதிப்பெண் போடுவார்? நான் போட்டிருக்க மாட்டேன். போட்டிகள் மீது என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: பஞ்சாயத்தும் முதலாளியும் அரசும் பதில் சொல்ல வேண்டிய கேள்வியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் மேசைமேல் பொருளாக மாற்றி வைத்துவிடுகின்றன. பரிசளிப்பு முடிந்ததும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அடுத்தது காலக்கணக்கு. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் இறுதிச்சுற்று 36 மணி நேரம். ஸ்டோர் என்று சொல்லும் பழைய பாணி உலர்த்தும் அறையில் ஏலக்காய் காய்ந்து வரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காய் ஆக வேண்டும். சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும்; கூடினால் பச்சை நிறம் போய்விடும், குறைந்தால் பூசணம். அந்த ஸ்டோரை ஒருமுறை மேம்படுத்திப் பார்த்து, தவறு கண்டு, திருத்தி, மறுபடி பார்க்க ஒரு பருவம் முழுக்க வேண்டும். ஆவணியில் தொடங்கினால் மாசி ஆகிவிடும். 36 மணி நேரத்தில் பிறப்பது கருவியின் படம். கருவிக்கும் படத்துக்கும் உள்ள தூரத்தை போடியில் டிரையர் கட்டித்தரும் எந்த வெல்டிங் பட்டறைக்காரரும் சொல்லுவார். அவருக்கு வாடிக்கையாளர் திரும்பி வந்து திட்டுவார். ஹேக்கத்தான் வெற்றியாளரைத் திட்ட யாரும் திரும்பி வருவதில்லை. அவருடைய துரதிர்ஷ்டம் அது.

(சில பரிசுக் கருவிகள் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவை என்பது மதுரைக்கும் கோவைக்கும் தெரிந்த ரகசியம். பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் கைத்தடியை எத்தனை மேசைகளில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தெருவில் ஒருவர் கையில்கூட இன்னும் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சான்றிதழ் கேட்பது கல்லூரி.)

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று நினைப்பவர்களுக்கு பிளேபம்ப் கதையைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உருவானது. குழந்தைகள் ராட்டினம் சுற்ற, அடியில் உள்ள பம்பு தண்ணீரை மேலே இருக்கும் தொட்டிக்கு ஏற்றும். கேட்டாலே மனம் குளிரும் யோசனை. 2000இல் உலக வங்கி நடத்திய போட்டியில் பரிசு வாங்கியது. 2006இல் அமெரிக்காவில் 1 கோடி 64 லட்சம் டாலர் திரட்டித் தருவதாக அறிவித்தார்கள். நாலாயிரம் பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள். ஊர்களில் நடந்தது வேறு. குழந்தைகள் எந்நேரமும் விளையாடுவதில்லை. தண்ணீர் வேண்டிய நேரத்தில் பெண்கள் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றினார்கள். பழைய கைப்பம்பே சுலபம் என்றார்கள். பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. 2010க்குள் இந்தப் பம்புகளைப் பரப்பிய அமைப்பு கடையைக் கட்டி, பொறுப்பை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்தது. தண்ணீர் இறைக்கும் பெண்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணத்தில் எத்தனை கைப்பம்பு போட்டிருக்கலாம்!

போட்டியின் பக்தர்கள் இந்த இடத்தில் இங்கிலாந்தைக் கூப்பிடுவார்கள். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க 1714இல் 20,000 பவுண்டு பரிசு அறிவித்தார்கள், ஜான் ஹாரிசன் என்ற தச்சர் கடிகாரம் செய்து சாதித்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் கதையை முழுக்கப் படிக்க வேண்டும். ஹாரிசன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1737இலிருந்து அவருக்கு இடையிடையே செலவுக்குப் பணம் கொடுத்துவந்தார்கள். 1761இல் அவருடைய நான்காவது கடிகாரம் கப்பலேறி ஜமைக்காவுக்குப் போனது. அங்கே நடுவர் அட்லாண்டிக் கடல். 1829இல் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் என்ஜின் போட்டியிலும் என்ஜின்கள் தண்டவாளத்தில் ஓடிக் காட்ட வேண்டியிருந்தது. ஓட்டத்தை முடித்தது ‘ராக்கெட்’ என்ற என்ஜின் மட்டுமே. இப்படிப்பட்ட போட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை. கடலை நடுவராக்கியவர்களும், சால்வை போர்த்திய என்னை நடுவராக்கியவர்களும் ஒன்றல்ல.

நாப்கின் இயந்திரம் செய்த கோவை முருகானந்தத்தையும் சொல்வார்கள். 2006இல் சென்னை ஐ.ஐ.டி. வழியாகப் போய் விருது வாங்கினாரே என்பார்கள். வாங்கினார். அதற்கு முன்பே பல ஆண்டுகள் உழைத்து, நாப்கினைத் தன் உடம்பிலேயே கட்டிப் பார்த்து, ஊர் ஒதுக்கி, வீடு உடைந்து, இயந்திரம் உருவாகிவிட்டது. விருது இயந்திரத்தைப் பெற்றெடுக்கவில்லை, பேர் சூட்டு விழாவுக்கு வந்தது.

இந்த ஏல மலையிலேயே பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் நான் ஞள்ளானி ரகத்தைச் சொல்வேன். கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்துச் செடிகளைக் கூர்ந்து பார்த்து, நல்ல செடியைப் பிரித்தெடுத்துப் பெருக்கிய ரகம் அது. ஏலக்காய் விளைச்சலின் கணக்கையே மாற்றியது. எந்தத் தலைப்பும் யாரும் கொடுக்கவில்லை. கௌரவம் பின்னால் தேடி வந்தது. தேடி வந்தது என்பதை அழுத்திச் சொல்கிறேன். அனில் குப்தா தொடங்கிய ஹனிபீ அமைப்பு ஊர் ஊராக நடந்துபோய், ஏற்கெனவே யார் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்தது. மதுரையிலிருந்து வந்த ‘நம்வழி வேளாண்மை’ இதழ் அந்த வேலையைத் தமிழில் செய்தது. கூப்பிட்டுக் கைதட்டுவதற்கும் தேடிப்போய்ப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். அது போதவில்லை என்று 1908இல் குறும்பாதை ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி இறங்கின. 1924 வெள்ளம் ரயில்பாதையைக் கொண்டுபோனது, ஊர்ப்பெயர்கள் தங்கிவிட்டன. ஆறே வருஷத்தில் ஏன் மாற்றினார்கள்? செய்தவனே பயன்படுத்தினான், குறை அவன் பணப்பையில் தெரிந்தது. தேயிலைக்கு வந்த அந்த அக்கறை நோயாளிக்கு வரவில்லை. அதே சரிவில் இன்றும் டோலி இறங்குகிறது என்றால், இந்த மலைக்கு வடிவமைப்புத் திறமை இல்லாமல் போனதால் அல்ல.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பரிசுப் பணத்தை ஒரே நாளில் அட்டைக் காசோலையாகக் கொடுக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கை அரங்கில் கொடுங்கள். மீதியை, அந்தக் கருவியை ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்தியவர் “இருக்கட்டும், திருப்பிக் கொடுக்கமாட்டேன்” என்று சொன்ன பிறகு கொடுங்கள். அவர் குறை சொன்னால் திருத்துவதற்கு ஒரு லேத் பட்டறைக்குக் கூலி கொடுங்கள். நடுவர் நாற்காலியில் காய் எடுக்கும் பெண்ணை உட்காரவையுங்கள். அன்றைய கூலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, சால்வையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அரங்கும் வேண்டாம். ஆவணியில் காய் எடுப்பு தொடங்கும். போடியிலிருந்து ஜீப் இருட்டோடு கிளம்பிவிடும். நடுவர்கள் அதில் ஏறிக்கொள்ளலாம். காலை நீட்ட இடம் இருக்காது.