கட்டணம் இல்லை; நேரமும் இல்லை

மார்கழியில் சென்னை சபாக்கள் பலவற்றில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் அங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் என்னைப் போன்ற ஓய்வூதியர்களே. பழைய மாமல்லபுரம் சாலையில் பணிபுரியும் இளைஞருக்கு அந்த இலவசத்தால் பயனில்லை. மாலைக் கச்சேரி தொடங்கும்போதும் அவர் அலுவலகத்திலோ போக்குவரத்து நெரிசலிலோ இருக்கிறார்.

ஒரு பொருளின் உண்மையான விலையில் அதை நுகரச் செலவாகும் நேரமும் அடங்கும் என்று பொருளியலறிஞர் கேரி பெக்கர் 1965-இல் விளக்கினார். இக்கணக்கின்படி, பெருநகர உழைப்பாளிக்குக் கலை மிக விலையுயர்ந்த பொருள். அவரது ரசனை குன்றிவிட்டதாகக் குறைகூறுவது பிழை. குன்றியவை நேரமும் உடல்வலுவுமே.

2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் தமிழகப் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளியின் மாலைப்பொழுது யாருக்குரியது என்ற வினாவும் அதில் அடங்கியிருந்தது.

பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் திடல்களிலும் நடைபெறும் சென்னை சங்கமம் ஒரு வழியைக் காட்டுகிறது. விடுமுறை நாளில், மக்கள் வாழுமிடத்துக்கே கலை வந்தால் கூட்டம் தானே திரளும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் நிகழும் இம்முயற்சியை அம்பத்தூரிலும் சோழிங்கநல்லூரிலும் வார இறுதிதோறும் அரசு தொடரலாம். வேலைநேர வரம்பைக் காப்பதும் கலைக்கு அளிக்கும் மானியமே.