மலையடிவாரத்திலிருந்தும் சீட்டு எடுக்க வழி செய்யுங்கள்: தீபத் திருவிழாப் பக்தர்களின் கோரிக்கைச் சாசனம்

இந்து சமய அறநிலையத் துறைக்கும், திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் நிருவாகத்துக்கும் கச்சிராயபாளையம் வட்டாரத்துப் பக்தர்கள் முன்வைப்பது.

நாங்கள் யார்?

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் வாழ்கிறவர்கள். எங்களில் கரும்பு வெட்டுபவர்கள் உண்டு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகள் உண்டு. மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களும், வெளிமாநிலத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. சங்கராபுரம், மூங்கில்துறைப்பட்டு வழியாகத் திருவண்ணாமலைக்கு நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறோம். வழி எங்களுக்குத் தெரியும். இணையத்தில் சீட்டு எடுக்கும் வழிதான் இன்னும் எங்களுக்குத் திறக்கவில்லை.

நிலைமை என்ன?

2022 கார்த்திகை தீபத்துக்கு இணையவழியில் கொடுக்கப்பட்ட சீட்டுகள் 1600. பரணி தீபத்துக்கு 500 ரூபாய்ச் சீட்டு 500. மகா தீபத்துக்கு 600 ரூபாய்ச் சீட்டு 100, 500 ரூபாய்ச் சீட்டு 1000. காலை 10 மணிக்குப் பதிவு தொடங்கும் என்றும், ஆதார் அட்டை, கைபேசி எண், மின்னஞ்சல் முகவரி மூன்றும் கட்டாயம் என்றும் அறிவிக்கப்பட்டது.

பல லட்சம் பேர் கூடும் விழாவில் 1600 பேருக்குத்தான் இடம் என்றால், பெரும்பாலோருக்குக் கிடைக்காது. அதை ஏற்கிறோம். அந்த 1600 பேர் யார் என்பதை டவரும் விரல் வேகமும் முடிவு செய்வதை ஏற்க மாட்டோம். காலை 10 மணிக்குக் கரும்புக் காட்டில் குனிந்திருப்பவர் எந்தக் கைபேசியைத் தட்டுவார்? வீட்டுக்கு ஒரே கைபேசி. அதுவும் மகன் கையோடு வேலைக்குப் போயிருக்கும். மின்னஞ்சல் முகவரியோ, இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ யாரோ என்றோ தொடங்கிக் கொடுத்தது. கடவுச்சொல் நினைவில் இருக்காது.

பதிவு செய்யும் இணையப் பக்கத்தின் நிறத்தையும் படத்தையும் மாற்றினால் இது தீராது. சீட்டு எடுக்க வருகிறவரை அருகிலிருந்து பார்த்து, அவர் எங்கே திகைக்கிறார் என்று அறிந்து, அதன்பிறகு வடிவமைக்க வேண்டும். இதைத்தான் பயனர் ஆய்வு என்கிறார்கள். பெரும் செலவும் ஆகாது: ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேரைப் பார்த்தாலே குறைகளில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

எங்கள் கோரிக்கைகள்

1. ஆய்வு முதலில், வடிவமைப்பு பிறகு. கச்சிராயபாளையத்திலும் வெள்ளிமலையிலும் வந்து உட்காருங்கள். முதியவர்கள், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், பார்வையற்றவர்கள், பிறருக்காகப் பதிவு செய்து கொடுக்கும் இ-சேவை மையத்தார் என ஒவ்வொரு வகையிலும் ஐந்து பேரையாவது பாருங்கள். அவரவர் கைபேசியிலேயே, அவரவர் ஊர்ச் சிக்னலிலேயே முயலட்டும். குறுக்கே புகுந்து சொல்லிக் கொடுக்காதீர்கள். விரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இழக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

2. முந்துகிறவருக்கே சீட்டு என்ற முறை ஒழியட்டும். மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு 2023இல் சில நாட்கள் விண்ணப்பம் வாங்கினார்கள். விண்ணப்பம் மிகுந்தால் கணினிக் குலுக்கல் என்று அறிவித்தார்கள். மேற்குச் சித்திரை வீதி பிர்லா விஷ்ரமில் நேரில் பதிவு செய்யவும் வழி வைத்தார்கள். தீபத்துக்கும் மூன்று நாளாவது விண்ணப்பம் பெற்று, வெளிப்படையாகக் குலுக்குங்கள்.

3. மின்னஞ்சல் கட்டாயத்தை நீக்குங்கள். கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி போதும். ஒரே எண்ணில் ஒரு குடும்பத்தார் அனைவரும் பதிய முடிய வேண்டும்.

4. எந்தச் சீட்டு எதற்கு என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கோயிலுக்குள் நின்று தீபம் காணும் சீட்டு வேறு. 2668 அடி உயர மலைமேல் ஏற விடும் ஆண்டுகளில் அதற்கான அனுமதி வேறு. விலை, நேரம், நுழையும் வாசல், கையில் கொண்டுவர வேண்டியவை எல்லாம் ஆதார் எண் கேட்பதற்கு முன்பே தமிழில் தெரிய வேண்டும். பிழை நேர்ந்தால், என்ன பிழை, எப்படித் திருத்துவது என்பதும் தமிழில் வர வேண்டும்.

5. பணம் நடுவில் நின்றால் பக்தர் தவிக்கக் கூடாது. யுபிஐ வழியாகக் கடைக்குச் செலுத்திய பணம் கணக்கிலிருந்து கழிந்தும் உறுதியாகாவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. அந்த விதியைப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பணத்தின் நிலை தெரியும்வரை அவருடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

6. மாற்றுத்திறனாளிகளுக்கு முழு வழி வேண்டும். இது சலுகை இல்லை, சட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. இணையவழிச் சேவையை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. திரைவாசிப்பான் படிக்க முடியாத படமும், காதால் கேட்க முடியாத சரிபார்ப்பு எழுத்தும் அந்த உரிமையை மறுப்பவை.

7. நேரடிப் பங்கு ஒதுக்குங்கள். சீட்டுகளில் ஒரு பகுதி, இணையம் எட்டாத ஊர்களின் இ-சேவை மையங்கள் வழியாக, அதே குலுக்கலில் சேரட்டும். அச்சிட்ட தாள் சீட்டும் வாசலில் செல்லுபடியாக வேண்டும்.

8. விழா முடிந்ததும் ஆதார் விவரங்களை அழித்து, அழித்ததை அறிவியுங்கள். எத்தனை பேர் பதிவைத் தொடங்கினார்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் விட்டுப் போனார்கள், எந்த மாவட்டத்துக்கு எத்தனை சீட்டு கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல், அடுத்த ஆண்டு எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் உறுதி

கேட்பதோடு நாங்கள் ஒதுங்கப் போவதில்லை. ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு உட்கார இடம் தருகிறோம். கல்வராயன் மலைக்கு மேலே கூட்டிப் போகிறோம். ஒவ்வொரு வகையிலும் பேச ஆட்களைச் சேர்த்துத் தருகிறோம். புதிய பக்கம் தயாரானதும், திறப்பதற்கு முன் அதை முதலில் எங்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். கோமுகிக் கரையில் கூலி வேலை பார்க்கும் ஒரு பாட்டி, பேரன் உதவியோடு தன் பெயரைப் பதிந்துவிட்டால், சென்னையில் இருப்பவரும் பதிந்துவிடுவார். சென்னையில் மட்டும் சோதித்த பக்கத்துக்கு அந்த உறுதி கிடையாது.

அடுத்த கார்த்திகைக்குப் பதிவு தொடங்குமுன் இந்த எட்டில் எவற்றை நிறைவேற்றுவீர்கள், எப்போது என்று எழுத்துமூலம் பதில் தாருங்கள். கச்சிராயபாளையத்துக்கு ஒருமுறை வாருங்கள். காத்திருக்கிறோம்.