வளர்ந்த மனிசனுக்கு விளையாட்டுக் கார் எதற்கு?

இந்தக் கேள்வியைக் குறைந்தது பத்துப் பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். அலுமாரிக்கு மேலே நிற்கும் பச்சைக் காரைப் பார்த்து "மகன்ரயோ?" என்பார்கள். என்னுடையது, நானே ஒட்டிப் பெயின்ற் அடித்தது என்றால் முகம் மாறும். "உந்த நேரத்துக்கு இன்னொரு வேலை செய்திருந்தால் எவ்வளவு உழைச்சிருக்கலாம்" என்று ஒருவர் கணக்குப் பார்த்தார். "கம்பசுக்குப் போன ஆள், உந்தப் பெயின்ரர் வேலை உமக்கேன்?" என்றார் இன்னொருவர். முதலாமவரை விட்டுவிடுவோம், அவர் வீட்டுக் கடன் கட்டுகிறவர். இரண்டாமவருக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பெயின்ரர் வேலை என்னவென்று சொல்கிறேன், கேளுங்கோ.

கார், பென்ட்லி நாலரை லீற்றர் 'புளோவர்'. 1929 முதல் 1931 வரை மொத்தம் 55 கார்கள்தான் செய்தார்கள். ஏர்பிக்ஸ் நிறுவனம் 1971இல் அதைப் பிளாஸ்ரிக் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்றது. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. அதாவது உண்மைக் காரின் ஒரு அடி, இதில் ஒரு அங்குலம். பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி எனக்கு அகப்பட்டது.

துண்டுகளை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சில் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ற் பிடிக்காது. வெட்டிய இடத்துத் தழும்பைத் தேய்த்து, பிறைமர் அடித்து, திரும்பவும் தேய்க்க வேண்டும். பெயின்றை ஒரே தரத்தில் தடிப்பாக அடித்தால் வழியும். மெல்லிசாக மூன்று நான்கு தரம் அடிக்க வேண்டும். எனாமல் பெயின்ற் மேலே காய்ந்தது போல இருக்கும், உள்ளே காய நாட்கள் எடுக்கும். அவசரப்பட்டு அதற்கு மேலே லாக்கர் அடித்தால் தோல் சுருங்கிப் போகும்.

இன்னொன்று. இந்தக் கார்கள் பலவற்றின் உடம்பு தகரமில்லை. வான்டன் பிளா என்ற லண்டன் பட்டறைக்காரர், மரச்சட்டத்துக்கு மேலே ரெக்சின் மாதிரியான துணியை இழுத்துக் கட்டியது. ஆகவே கலியாணக் கார் போல மினுக்கக் கூடாது. பொனற் மினுங்கலாம், பின்னுடம்பு மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இது தெரிவதற்கு வாசிக்க வேண்டும், படங்களை உற்றுப் பார்க்க வேண்டும். படிப்பு வேறு, கைவேலை வேறு என்று யார் உங்களுக்குச் சொன்னது?

இந்தக் காரை ஓட்டிய பேர்கின் பரோனெற் பட்டக் குடும்பத்தவர். 1930இல் இங்கே பிரான்சில், போ நகரத்துப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். கொம்பனித் தலைவர் பார்னாட்டோ தென்னாபிரிக்க வைரப் பணத்தின் வாரிசு. இவர்கள் பெயரெல்லாம் சரித்திரத்தில் இருக்கிறது. துணியை இழுத்துக் கட்டியவனின் பெயர் என் பெட்டியில் இல்லை.

வெள்ளைக்காரனைச் சொல்வானேன். 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாமான் வராத ஊரில் கிடைத்ததை வைத்து அந்த எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் கொட்டில் போட்டிருந்த மெக்கானிக்குகள். இன்று லாச்சப்பலில் தேத்தண்ணி குடித்தபடி "எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில கார் ஓட்டினவங்கள்" என்று மார்தட்டுகிறோம். எந்த ஆக்கள் ஐயா? 1993இல் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குக் கார் திருத்த வந்த மனிசனுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேறு பேணி இருந்தது. நான் கண்ணால் கண்டது. கார் உள்ளே நின்றது. அதை ஓட வைத்தவன் படிக்குக் கீழே நின்றான்.

"பெயின்ரர் வேலை" என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கேட்டது அந்தப் பேணியின் சத்தம்தான்.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியதோடு என் கம்பஸ் படிப்பு முடிந்தது. இப்போது ஒரு நாளைக்குப் பதினொரு மணித்தியாலம் ரெஸ்ரோரன்ற் குசினியில் நிற்கிறேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே கையால்தான் உழைக்கிறோம். கோப்பை கழுவுகிறோம், சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறோம். ஆனால் ஊருக்கு ரெலிபோன் எடுத்தால் எல்லோரும் மனேஜர்! மண்டபத்துக்கு லீசிங் பென்ஸில் போய் இறங்குகிறோம், அதன் பொனற்றைத் திறந்தால் எது எதுவென்று தெரியாது. பிள்ளை ஒரு ஸ்குறூ டிரைவரை எடுத்தால் பறித்துவிட்டு ரியூசனுக்கு அனுப்புகிறோம். கடல் கடந்து வந்தும் கை அழுக்காவது கேவலம் என்ற புத்தியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். அது படித்த புத்தி அல்ல, சாதிப் புத்தி.

உங்கள் பிள்ளைக்கு இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் சின்னப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கோ. பெயின்ற் நிலத்தில் சிந்தும், சிந்தட்டும். தான் செய்ததைத் தானே தேய்த்துத் திருத்தப் பழகிய பிள்ளை, நாளைக்கு வீட்டுக்குக் குழாய் திருத்த வருகிறவரைக் கதிரையில் இருத்திப் பேசும். அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் உங்களைவிட அதற்கு வாய்ப்பு அதிகம்.