ஓடாத கிலோமீட்டர்கள்

நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி எழுதுகிற நம் நண்பர்கள் பெரும்பாலும் ஓட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறார்கள். தனிமை, தியானம், உடலெனும் பிரதி, இருத்தலின் வலி. ஓட்டத்தைப் பற்றிய தன் நூலை ஹருகி முரகாமி 2007ல் வெளியிட்டதிலிருந்து இலக்கிய வாசகர்களிடையே இது ஒரு சிறு தொற்றாகவே பரவிவிட்டது. அந்நூலை விதந்தோதுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முரகாமி கணக்கு எழுதுகிற மனிதர். வாரத்துக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்று மளிகைக் கடைக்காரரின் சிரத்தையோடு குறித்து வைக்கிறார். நமக்கு அவருடைய தத்துவம் வேண்டியிருக்கிறது, பேரேடு வேண்டியிருக்கவில்லை.

நான் பேச விரும்புவது அந்தப் பேரேட்டைப் பற்றி மட்டுமே. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் முன்னேற விரும்பும் சாதாரண மனிதருக்கு முதன்மையான விஷயம், வாரந்தோறும் அவர் ஓடும் மொத்தத் தூரம். அதையும் மெதுவாக ஓடி, மெதுவாகவே கூட்டியாக வேண்டும். காலணி, கைக்கடிகாரம், வேகப் பயிற்சி, பிறவித் திறமை பற்றிய அங்கலாய்ப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை மறுப்பவர்கள் இரு சாரார். வாரத்துக்கு மூன்று நாள், குறைவாக, ஆனால் கடுமையாக ஓடினால் போதும் என்று சிக்கனம் போதிப்பவர்கள் ஒரு சாரார். எண்ணையே தெய்வமாக்கி, ஆறு வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்கிக் கொண்டு நொண்டுகிறவர்கள் இன்னொரு சாரார். இரண்டாமவர் என் வாதத்தை ஏற்பவர்போலத் தோன்றினாலும், அதற்கு அவரைவிடப் பெரிய எதிரி இல்லை என்பேன்.

முதலில் சிக்கனக்காரர்கள். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், விடியலில் பால் விநியோகித்தவர். கல்லூரியில் உடலியல் பயின்றவர் அல்லர். ஒரு நண்பரோடு ஐந்து மைல் ஓடி மூச்சு வாங்கித் தவித்த அவமானத்திலிருந்து தொடங்கினார். சில வாரங்கள் குறைவாகவும் சில வாரங்கள் அளவுக்கு மீறியும் ஓடி, பல ஆண்டுகள் தன் உடலையே சோதனைக்கூடமாக்கி, வாரத்துக்கு நூறு மைல், அதாவது 160 கி.மீ. என்ற அடித்தளத்துக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் பயின்றவர்கள் பெரும்பாலும் ஆக்லாந்தின் அக்கம்பக்கத்து இளைஞர்கள். ஞாயிறுதோறும் வைட்டாக்கரே குன்றுகளில் 22 மைல் சுற்று ஓடினார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில், ஒரே பிற்பகலில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரையும் முர்ரே ஹால்பர்க் 5000 மீட்டரையும் வென்றார்கள். சில நாள் கழித்து மாரத்தானில் பாரி மெகி மூன்றாவதாக வந்தார். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக முடியும் பந்தயத்துக்கு வாரம் நூறு மைல் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

உடனே சாட்டோபெக்கை இழுத்து வருவார்கள். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாட்டோபெக், 400 மீட்டர் துண்டுகளாக ஓடிப் பயின்றவர்தானே என்பார்கள். உண்மை. எத்தனை துண்டுகள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அறுபது துண்டுகள் ஓடிய நாட்கள் அவருக்கு உண்டு. இடையோட்டத்தைக் கணக்கில் சேர்க்காமலே 24 கி.மீ. ஆகிறது. சாட்டோபெக் குறைவாக ஓடி வென்றவர் என்பது, அவரைப் பற்றி ஒரு பத்தி மட்டும் வாசித்தவர்கள் கட்டிய கதை.

இதற்குப் பின்னால் மர்மம் எதுவும் இல்லை. 1967ல் ஜான் ஹாலசி எலிகளைப் பல வாரங்கள் ஓட வைத்து, அவற்றின் தசைகளில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரு மடங்கானதைக் காட்டினார். தொடர்ந்து ஓடுகிறவரின் தசையில் ரத்தத் தந்துகிகள் பெருகுகின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தம் கூடுகிறது. கொழுப்பை எரிக்கும் பழக்கம் வருவதால், கையிருப்பிலுள்ள கிளைகோஜன் சீக்கிரம் தீர்ந்துபோவதில்லை. குறுகிய, கடுமையான பயிற்சியும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைத் தினமும் செய்ய முடியாது. மேலும் மூன்றாவது மணி நேரத்தில் எலும்பும் தசைநாரும் தாங்கவேண்டிய சுமையை இருபது நிமிடத்தில் எவரும் ஒத்திகை பார்க்க முடியாது. தேர்ந்த வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர் கண்டதும் இதையே. அவர்களுடைய பயிற்சிகளில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவானவை. வேகமாக ஓடுகிறவர்கள் பெரும்பாலான நாட்களில் மெதுவாக ஓடுகிறார்கள். மெதுவாக ஓடுகிற நாமோ ஒவ்வொரு நாளும் வேகமாக ஓட முயல்கிறோம்.

நானும் அப்படித்தான் என் முதல் மாரத்தானுக்குப் போனேன். வாரத்துக்கு 25 கி.மீ., பாதிக்கு மேல் நுரை தள்ளும் வேகத்தில். 32வது கிலோமீட்டரில் சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனவுறுதி குறைந்தது என்று அன்று நினைத்தேன், அதைப் பற்றி உருக்கமாக எழுதவும் செய்தேன். இன்று வாசிக்கக் கூசுகிறது. அங்கே குறைந்தது மனவுறுதி அல்ல. ஓடாத கிலோமீட்டர்கள்.

அடுத்த ஆண்டு மறுகோடிக்குப் போனேன். லிடியார்டின் எண் தலையில் ஏறியிருந்தது. மூன்றே வாரத்தில் 30லிருந்து 60 கி.மீ. இதயமும் நுரையீரலும் மகிழ்ச்சியோடு ஒத்துழைத்தன. சிக்கலே அங்குதான் இருக்கிறது. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கு மாதங்கள் வேண்டும். புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும்போது எலும்பு முதலில் பழையதைக் கரைக்கிறது, பிறகே புதியதைக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் அது பலவீனமானது. முழங்காலுக்குக் கீழே மயிரிழை விரிசல். மூன்று மாதம் ஓட்டமில்லை.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பொன்விதியை மதித்திருந்தால் தப்பித்திருப்பேன் என்பார்கள். அவ்வளவு எளிதல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதிய ஓட்டக்காரர்களை இரு குழுவாக்கி நடத்திய ஆய்வு 2008ல் வெளியானது. தூரத்தைப் படிப்படியாக, 13 வாரத்தில் கூட்டியவர்களிலும், 8 வாரத்தில் கூட்டியவர்களிலும் காயமுற்றவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆகவே சதவீதம் ஒரு தாயத்து, அவ்வளவுதான். நான் இப்போது கைக்கொள்வது இது. முதலில் நாட்களைக் கூட்டுவது, பிறகு ஒவ்வொரு நாளின் தூரத்தை, கடைசியில்தான் வேகத்தை. ஒரு படி ஏறினால் மூன்று வாரம் அங்கேயே நிற்பது, நான்காவது வாரம் இறங்குவது. முழு வாக்கியம் பேச முடியாத வேகத்தில் ஓடினால் அது மெதுவான நாளல்ல என்று ஒப்புக்கொள்வது. 30லிருந்து 60க்கு வர இம்முறை பதினான்கு மாதம் ஆயிற்று. விரிசல் இல்லை.

லிடியார்டின் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்தில் ஓடுபவருக்கு 160 கி.மீ. என்பது பதின்மூன்று மணி நேரச் சொச்சம். ஏழு நிமிடத்தில் ஓடும் எனக்கு அதுவே பதினெட்டு மணி நாற்பது நிமிடம். எலும்புக்கு எண் தெரியாது, அடிகள் மட்டுமே தெரியும். மாவீரர்களின் தூரத்தை நகலெடுப்பவர், அவர்கள் சுமக்காத சுமையையும் சேர்த்தே சுமக்கிறார்.

எஞ்சியிருப்பது கனமான எதிர்வாதம். இதற்கெல்லாம் நேரம் யாரிடம் இருக்கிறது? இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவரிடம், ஐந்து மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண்ணிடம் வாரத்துக்கு ஏழு மணி நேரம் கேட்பது மேட்டிமைத்தனம் இல்லையா? இக்கேள்வியை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆம், நேரம் ஒரு சொத்து, அது சமமாகப் பங்கிடப்படவில்லை. ஆனால் அதற்கு மறுமொழியாகக் குறுக்குவழி விற்பதுதான் உண்மையான அவமதிப்பு. வாரத்துக்கு 20 கி.மீ. மட்டுமே முடிகிறவருக்கு 10 கி.மீ. பந்தயம் இருக்கிறது, அதில் குறைவு எதுவும் இல்லை. அவரிடம் மூன்று நாள் பயிற்சியில் மாரத்தான் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர், 32வது கிலோமீட்டரில் அவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

முரகாமியை வாசியுங்கள், தடையில்லை. வாசித்து முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, போன வாரம் எவ்வளவு ஓடினீர்கள் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். பூஜ்யமென்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.