மனிதருக்குப் போடும் புள்ளிக்கும் தராசு வேண்டும்

கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்தால் நாம் கேட்கிறோம். தராசு கண்முன் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலாளியின் ‘ஒத்துழைப்பு’, ‘பொறுப்பு’, ‘ஒழுக்கம்’ ஆகியவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போட்டுப் படிவம் நிரப்பினால், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்க வழியில்லை. கங்காணி வேலைக்கு யாரை எடுப்பது, தொழிற்சாலைக்கு யாரை மாற்றுவது என்பதை அந்தப் புள்ளி தீர்மானித்தால், அதுவும் நமது வயிற்றுப் பிரச்சினைதான்.

நல்ல தராசில் ஒரே கொழுந்துச் சாக்கை இரண்டு தடவை வைத்தால் ஒரே நிறைதான் காட்டும். மனிதருக்குப் போடும் புள்ளிக்கும் இதுவே சோதனை. இரண்டு மேற்பார்வையாளர்கள் கலந்து பேசாமல் ஒரே தொழிலாளிக்குப் புள்ளி போடட்டும். ஒருவர் ஐந்தும் மற்றவர் இரண்டும் கொடுத்தால் அந்தப் புள்ளியை நம்ப முடியாது.

1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ன்டைக், இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழுள்ளவர்களுக்குப் போட்ட புள்ளிகளை ஆராய்ந்தார். உடற்கட்டு, புத்தி, தலைமைத்துவம், குணம் என்பன வெவ்வேறு விடயங்கள். ஆனாலும் ஒன்றில் கூடுதல் புள்ளி பெற்றவர் மற்றவற்றிலும் கூடுதலாகவே பெற்றிருந்தார். ஒருவரைப் பற்றி மனதில் விழுந்த பொதுவான எண்ணமே எல்லாக் கட்டங்களிலும் புள்ளியாக இறங்கியிருந்தது.

இதை நமது மலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். தண்ணீருக்கென்று ஏன் இவ்வளவு கிலோ கழிக்கிறீர்கள் என்று ஒரு அக்கா கேட்கிறார். ‘ஒத்துழைப்பு’ இரண்டாகிறது. அதோடு நிற்காமல் ‘கொழுந்து பறிக்கும் திறமை’யும் இரண்டாகிறது. அவருடைய கூடையில் எந்தக் குறையும் இல்லை. கேள்வி கேட்டதற்கான தண்டனை, அளவீடு என்ற பெயரில் பதிவாகிறது.

2016 கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கு 60 ரூபாவும் உற்பத்தித்திறனுக்கு 140 ரூபாவும் தனித்தனியாக வைக்கப்பட்டன. நாளை எண்ணலாம், கொழுந்தை நிறுக்கலாம். அவற்றிலேயே பிணக்கு வருமென்றால், எண்ணவும் நிறுக்கவும் முடியாத குணத்தைக் காசோடு கட்டினால் என்ன நடக்கும்?

புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புள்ளி இல்லாவிட்டால் துரைக்குப் பிடித்த ஆளே கங்காணியாவார். சாதாரண தரப் பரீட்சையில் புள்ளித்திட்டம் எழுதி வைத்துத்தான் விடைத்தாள் திருத்துகிறார்கள். பெறுபேறு பிழையென்று நினைத்தால் பிள்ளை மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு உள்ள அந்த உரிமை அதன் தாய்க்கு வேலைத்தளத்தில் வேண்டாமா?

1963இல் ஸ்மித், கெண்டல் என்ற இரு ஆய்வாளர்கள் தாதியரின் வேலையை மதிப்பிட ஒரு அளவுகோல் அமைத்தார்கள். ‘நல்லவர்’, ‘சுமார்’ என்ற சொற்களை விட்டுவிட்டு, எந்தச் செயலுக்கு எந்த இடம் என்பதைத் தலைமைத் தாதியரைக் கொண்டே வரையறுத்தார்கள். நமக்கும் அது பொருந்தும். ‘நல்ல வேலைக்காரி’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘முத்தல் இலை கலக்காமல் பறிக்கிறார்’, ‘புதிதாக வந்தவருக்குக் கவ்வாத்து வெட்டப் பழக்குகிறார்’ என்று எழுதட்டும்.

எனவே தோட்டத்தில் புள்ளிப் படிவம் வந்தால் தோட்டக் கமிட்டி ஐந்து விடயங்களைக் கேட்க வேண்டும். எந்தச் செயலுக்கு எந்தப் புள்ளி என்பது தமிழில் எழுதப்பட வேண்டும். அதை எழுதும்போது தொழிலாளரும் இருக்க வேண்டும். இருவர் தனித்தனியே புள்ளி போட வேண்டும். தொழிலாளிக்குத் தன் படிவத்தைக் காட்ட வேண்டும். மேன்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பதில் கிடைக்கும்வரை எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.