கர்ப்பிணியின் கண்ணுக்குள் ஏறும் பி.பி.

மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் கர்ப்பிணிக்கு செக்கப் என்றால் என்னென்ன நடக்கும் என்பது வீட்டுக்கு வீடு தெரியும். எடை, பி.பி., சிறுநீர். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார் கிராம சுகாதார செவிலியர். அப்புறம் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். உள்ளே வெளுத்திருந்தால் ரத்தசோகை. தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ஆகவே இமையைப் பார்ப்பது வீண் வேலை இல்லை. ஆனால் கண்ணைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது. ‘பார்வை எப்படிம்மா இருக்கு?’ என்பது கூட்ட நேரத்தில் சுலபமாக விட்டுப்போகிற கேள்வி.

கருவுற்று 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது பிரீ-எக்லாம்ப்சியா. 160/110ஐ எட்டினால் நிலைமை கடுமை. வலிப்பு வந்துவிட்டால் எக்லாம்ப்சியா. இவ்வளவும் பலருக்குத் தெரிந்ததே. இதே அழுத்தம் விழித்திரையில் செய்யும் வேலைதான் அதிகம் பேசப்படுவதில்லை.

உடலைக் கீறாமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்க டாக்டருக்கு வாய்த்த அரிய இடம் விழித்திரை. அங்கே தமனிக்கும் சிரைக்கும் உள்ள அகல விகிதம் இயல்பாக 2:3. கர்ப்பகால அழுத்தம் ஏறும்போது முதலில் நுண்தமனிகள் சுருங்குகின்றன. விகிதம் 1:2, 1:3 என்று குறைகிறது. ரத்தம் போதாத இடங்களில் பஞ்சை ஒற்றி வைத்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் தோன்றும், சிறு ரத்தக்கசிவுகள் தெரியும். அதையும் மீறினால், விழித்திரைக்கு அடியில் இருக்கும் குழாய்ப் படலத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு நீர் கசிந்து, விழித்திரையே மேலே தூக்கிக்கொள்கிறது. கடும் பிரீ-எக்லாம்ப்சியாவில் சுமார் நூற்றில் ஒருவருக்கும் எக்லாம்ப்சியாவில் பத்தில் ஒருவருக்கும் இப்படி ஆவதாக மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஆறுதல் என்னவென்றால், இதற்குப் பெரும்பாலும் கண் ஆபரேஷன் வேண்டாம். பிரசவம் முடிந்து அழுத்தம் கட்டுக்குள் வந்தால் சில வாரங்களில் நீர் வற்றிப் பார்வை திரும்பிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண் உள்நோக்கியை உருவாக்கியது 1851இல். நான்கே ஆண்டுகளில், 1855இல், எக்லாம்ப்சியா வந்த பெண்ணின் விழித்திரை விலகியிருந்ததை ஜெர்மானிய மருத்துவர் கிரேஃபே பதிவு செய்துவிட்டார். கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்கும் கருவியை ரிவா-ரோச்சி அமைத்தது 1896இல்தான். அந்தப் பட்டை வருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கண் அதைக் காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் துலங்கியது வெகு தாமதமாக. அதில் சென்னைக்கும் பங்குண்டு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சி, பாஸ்டனில் தன் குழுவோடு 2003இல் வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையானது. ரத்த ஓட்டம் போதாத நஞ்சுக்கொடி எஸ்-எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. குழாய்களின் உட்சுவரைப் பேணும் வி.இ.ஜி.எஃப். என்ற பொருளை அது பிடித்து முடக்கிவிடுகிறது. கண் டாக்டர்களுக்கு இந்த வி.இ.ஜி.எஃப். பழைய பகையாளி. சர்க்கரை நோயாளியின் கண்ணில் அது மிகுந்து கெடுக்கிறது என்பதால் ஊசி போட்டு அடக்குகிறார்கள். கர்ப்பிணிக்கோ அது முடங்கிப்போவதே தொல்லை.

கடற்கரையில் இந்த நோய்க்கு ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. தலைவலியா, வெயிலில் மீன் விற்றது. கண் கூசி மங்குகிறதா, மணலும் கடலும் அடிக்கும் வெளிச்சம். கால் வீக்கமா, நாள் முழுக்க நின்றது. மாமியார் கருவாட்டைக் குறை சொல்வார். உப்பைக் குறைத்தால் பிரீ-எக்லாம்ப்சியா வராது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்தச் சமாதானங்களில் ஒரு வாரம் ஓடினால் போதும், நோய் முற்றிவிடலாம். ‘எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது’, ‘கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது’ என்று எட்டாம் மாதத்தில் ஒரு பெண் சொன்னால், அவர் போகவேண்டிய இடம் கண்ணாடிக் கடை அல்ல. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர் போல் தள்ளியிருக்கும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியும் அறுவை அரங்கும் உள்ள இடம். அதுவும் அன்றைக்கே.

இதில் ஒரு கண்ணி உண்டு. சில பெண்களுக்குப் பார்வை முழுக்கப் போயிருக்கும், ஆனால் கண்ணைச் சோதித்தால் விழித்திரை சுத்தமாக இருக்கும், கண் பாப்பாவும் வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கும். கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்புறம் பார்வையைக் கையாளும் பகுதி வீங்கியிருக்கிறது. ‘கண்ணில் ஒன்றுமில்லை’ என்ற சீட்டோடு அவரை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்து வருவது வலிப்பாக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிக்கும் விழித்திரைப் பரிசோதனை வேண்டுமா? வேண்டாம். பி.பி. கருவியும் சிறுநீர்ச் சோதனையும் செய்யும் வேலையை அது செய்யாது. லேசான அழுத்தத்தில் கண் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அழுத்தம் கடுமையானவருக்கும் பார்வைக் குறை சொல்பவருக்கும் தாமதமின்றிக் கண் பார்க்கவேண்டும் என்பதே நியாயமான கோரிக்கை. சொட்டு மருந்திலும் கவனம் வேண்டும்: கண் பாப்பாவை விரிக்க டிராபிகமைடு போதும், அழுத்தத்தை ஏற்றக்கூடிய ஃபினைல்எஃப்ரின் கலந்தது கூடாது. துறைகள் ஒன்றோடொன்று பேசினால்தான் இதெல்லாம் நடக்கும். 1819இல் தோன்றிய கண் மருத்துவமனையும் 1844இல் தோன்றிய மகப்பேறு மருத்துவமனையும் இன்று சென்னை எழும்பூரில் ஒரே வட்டாரத்தில் தனித்தனி வாசலோடு நிற்கின்றன. செங்கல்பட்டில் இரண்டு துறைகளும் ஒரே வளாகம். ஆளைத் தேடிப் போகும் தூரம் குறைவு.

இன்னொரு இடைவெளி நம் வழக்கத்தில் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது ஏழாம், ஒன்பதாம் மாதத்தில். நோய் தலைகாட்டும் பருவமும் அதுவே. கல்பாக்கத்தில் பார்த்த செவிலியருக்கு அவருடைய பழைய பி.பி. தெரியும், செய்யூர் பக்கம் அடுத்துப் பார்க்கப்போகும் செவிலியருக்குக் கர்ப்பகால அட்டையில் இருப்பது மட்டுமே தெரியும். பார்வைக்கென்று அந்த அட்டையில் ஒரு கட்டம் ஒதுக்க அரசுக்குப் பெரிய செலவு ஆகாது.

பிரசவத்தோடு கணக்கு முடிவதுமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு, பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரைக் கோளாறுகள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. இதய நோய், பக்கவாத அபாயமும் அவர்களுக்கு அதிகம். தமிழ்நாட்டில் வீட்டு வாசலுக்கே பி.பி. மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. மகப்பேறு வார்டில் அழுத்தத்தோடு பிரசவித்த ஒவ்வொரு தாயின் பெயரும், டிஸ்சார்ஜ் நாளிலேயே அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏறவேண்டும். ஆறாவது வாரம் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது தாயின் கையிலும் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கலாம். அழுத்தம் இறங்காதவரையும் பார்வை தெளியாதவரையும் அங்கிருந்தே கண் பிரிவுக்குச் சீட்டு எழுதி அனுப்பலாம்.